சொல்லாத பழத்தின் பேர்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து தூறல். எதிர் மலை தெரியவில்லை. துணி எதுவும் காயாது. அவருடைய சாரம், அடியில் விரிக்கும் பழைய சேலைத் துண்டுகள் எல்லாம் அடுப்புக்கு மேல் கயிற்றில். காம்பரா வீட்டுக்குள் புகை, ஈரம், மருந்து எண்ணெய் வாசனை.

இந்த டைரி பேத்தி தர்ஷினி கொடுத்தது. பேர்களை முழுதாக எழுதி இடத்தை வீணாக்க விருப்பமில்லை. த. என்றால் அவள். சு. என்றால் என் மகள் சுமதி, அவளுடைய அம்மா. அவர் என்றால் என் வீட்டுக்காரர். வேறு யாரையும் நான் அவர் என்று எழுதப் போவதில்லை.

நாளை டிக்கோயா கிளினிக். கொண்டுபோக:
கிளினிக் கொப்பி
அடையாள அட்டை
மாற்றுச் சாரம், துவாய்
சுடுதண்ணீர்ப் போத்தல்
பிஸ்கட் (லீவு போட்டுக் கூட வரும் த.வுக்கு. பசித்தால் முகம் சுருங்கிவிடும்)

போன மாதம் பீலித் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவப் போனவர் அங்கேயே விழுந்தார். பாரிசவாதம். வலது கை, வலது கால், வாயில் வலது பாதி. கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. பிடித்துக்கொண்டால் வாசல் திண்ணை, இஸ்தோப்பு வரை நடக்கிறார். பேச்சுத்தான் வரவில்லை. ஒரு சொல் இல்லை. பார்க்கிறார். என்னைப் பார்க்கிறாரா, எனக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்க்கிறாரா, தெரியவில்லை.

சு. காலையில் கொழுந்து வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடும்போது, "அப்பாவுக்குக் கஞ்சிய நல்லா ஆறவச்சுக் குடும்மா. நேத்து நாக்கு வெந்து கெடக்கு" என்றாள். எனக்குத் தெரியாது. சூடு என்று அவர் சொல்லவில்லையே.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. ஆனால் பஸ்ஸில் ஏற்ற முடியாது, த்ரீவீல். வளைவுக்கு வளைவு அவர் என் மேல் சாய்ந்துகொண்டே வந்தார். முன்பெல்லாம் பஸ்ஸில்கூட என் பக்கத்தில் உட்காரமாட்டார், யாராவது பார்ப்பார்கள் என்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் சின்ன வயது. சிங்களப் பிள்ளை. தமிழைப் படித்துக்கொண்டு வந்து பேசுகிறாள். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைப்பதுபோல நிதானம். நல்ல பிள்ளை. முதலில் கொப்பியைப் பார்த்து அவருடைய முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. த. "தாத்தா" என்றாள். திரும்பவில்லை. சன்னலில் ஒரு ஈ. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அம்மா கூப்பிடுங்க."

"இந்தாங்க" என்றேன்.

"அது இல்ல அம்மா. பேரு."

"நான் அப்படித்தான் மிஸ் கூப்பிடுறது."

"இந்தாங்க எல்லாருக்கும் சொல்றதுதானே. சாமான் குடுக்கவும் இந்தாங்க. தாத்தாவுக்கு அது தன்னோட பேருனு இப்ப வெளங்காது."

த. துவாயை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு. நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

மிஸ் சொல்லி அனுப்பியது:
1. எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். தினமும்.
2. வீட்டுச் சாமானைக் காட்டி அதன் பேரைச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு ஒரே பேர். ஆளுக்கு ஒன்று கூடாது.
3. அவருக்குப் பதிலாக நாம் பேசக் கூடாது.
4. அவர் காதுக்கு அதிகம் பழகிய குரல் கூப்பிட்டால் நல்லது. அதாவது நான்.

"வர்ற பேச்சு இந்த மாசங்கள்ள வரும் அம்மா. பிந்தினா கஷ்டம்."

த்ரீவீல் சத்தத்திலும் அதுதான் காதில். பிந்தினா கஷ்டம்.

ஜூன் 13, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. வழுக்கல்.

அவர் பேரை நான் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையும் இல்லை. முன்பாதி தும்பிக்கை வைத்த பெரிய மிருகம். பின்பாதி முத்து. எழுதலாமா என்று இப்போது பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். சொல்வதும் எழுதுவதும் ஒன்றா? அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்குப் பதில் தெரியவில்லை. எதற்கு வம்பு. ஆ.மு. என்று போடுகிறேன். அந்த மிருகத்தின் பேரும் என் வாயில் வராது. பெரகரா ஊர்வலத்தில் அது நடந்து போனபோதுகூடப் பிள்ளைகளுக்கு "தும்பிக்கைக்காரன் வர்றான் பாருங்க" என்றுதான் காட்டினேன்.

இந்த லயத்து வரிசை வீடுகளில் இதை இன்னும் காப்பாற்றுகிறவள் நான் ஒருத்திதான். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அதில் பெருமை. பக்கத்துக் காம்பரா ராக்கம்மா புருஷன் பேரைப் பாதியாக வெட்டி, நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறாள். ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்த அன்று பேர் கேட்டார்கள். அந்தப் பதற்றத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

பேர் சொன்னால் ஆயுசு குறையும். எல்லோரும் சொல்வது. எனக்கு அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அம்மா சொன்னது. றொசல்லையில், நான் பிறந்த தோட்டத்தில், மரம் வெட்டும் இடத்துக்கு ஒருத்தி புருஷனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். மரம் சாய்வதைக் கண்டாள். பதறி அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். அவள் வாயில் அவன் கேட்டே இராத பேர். யார் கூப்பிடுவது என்று அவன் நின்று திரும்பினான். ஓடியிருந்தால் தப்பியிருப்பான்.

இன்று சு.விடம் இதைச் சொன்னேன்.

"அவ கத்தாட்டியும் மரம் விழுந்துதாம்மா இருக்கும்."

"மரம் விழுந்திருக்கும். அவன் நின்னுருக்க மாட்டான்."

 கொழுந்துக் கறை படிந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அப்பா இப்ப நின்னுக்கிட்டு இல்லம்மா. ஏற்கெனவே விழுந்துட்டாரு."

ஜூன் 14, சனி

த.வுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காலையில் வெயில், சாரம் காய்ந்தது. பெரிய விஷயம்.

எல்லோரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சு. "அப்பா" என்றாள். த. எதிரில் உட்கார்ந்து பேரையே சொன்னாள், "ஆ.மு. தாத்தா, இங்க பாருங்க" என்று. ராக்கம்மா வாசலில் நின்று மாமா என்றும் பேர் சொல்லியும் கத்தினாள். அவளை யார் கேட்டது. அவர் வாசலில் மேயும் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, நீ கூப்புட்டா எந்திரிச்சு ஆடுவாரு மாமா. ஏன் பேரைப் பொட்டியில பூட்டி வச்சிருக்க?"

"ஒம்புருசன் பேரு தெருவுல கெடக்கு. எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

சிரித்துக்கொண்டே போனாள். அவளுக்குக் கோபம் வராது. அதுதான் எனக்குக் கோபம்.

பிறகு சாமான் காட்டும் வேலை. கரண்டி. சீப்பு. கோப்பை. தேயிலைச் செடி வெட்டும் அவருடைய கவ்வாத்துக் கத்தி. கத்தியைக் கொடுத்தபோது இடது கையால் வாங்கி, கட்டைவிரலைக் கூரின் குறுக்கே வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. கூர் போதவில்லை என்று அர்த்தம். அது தெரிகிறது. கத்தி என்ற சொல் வரவில்லை. கோப்பையைக் காட்டியபோது கண்ணில் தண்ணீர். எதற்கு என்று தெரியவில்லை.

த. பின்பக்கம் போய் மரத்தடியில் கிடந்த பழம் ஒன்றை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"பேரு சொல்லுங்க அம்மாயி."

"மொட்டையன்."

"ஐயோ அம்மாயி. மிஸ் என்னா சொன்னாங்க? ஒன்னுக்கு ஒரே பேரு. அதுவும் சரியான பேரு. ஆ. கொய்யா."

அவள் முழுதாகச் சொன்னாள். நான்தான் ஆ. என்று எழுதுகிறேன். அந்தப் பழத்தின் தலையில் அவர் பேரின் முன்பாதி உட்கார்ந்திருக்கிறது. நான் என்ன செய்ய.

"ஊரெல்லாம் ஒரு பேரு சொல்லுது, நீங்க மட்டும் ஏன் மொட்டையன்?"

சொன்னேன். கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த புதிது. தொரை பங்களாவுக்குப் பின்னால் அந்த மரம் இருந்தது. அங்கே விழுந்ததை அவர் ஒரு சாக்கில் பொறுக்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். மாமியார் அடுப்படியிலிருந்து, "சாக்குல என்னாடி?" என்றார். எனக்கு வாய் கட்டிப்போனது. ஆ. என்று சொன்னால் மாமியார் முன்னால் புருஷன் பேரைச் சொன்னவள் ஆவேன். சொல்லாமல் நின்றால் திமிர் பிடித்தவள். சாக்குக்குள் பார்த்தேன். நேர்த்திக்கடனுக்கு முடி இறக்கி எண்ணெய் தடவிய பிள்ளைகள் மாதிரி வழுவழுவென்று தலைகள்.

"மொட்டையனுங்க, அத்தை."

மாமியார் கரண்டியோடு வெளியே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று. முகம் கழுவிவிட்டு வந்து வாசலில் நின்றவர் சிரித்தார் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு. அப்படிச் சிரிக்கிற ஆள் என்று அன்றுதான் தெரியும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்கு மட்டும் உடனே விளங்கியிருக்கிறது.

அந்தச் சாக்கில் வந்த ஒரு கொட்டைதான் இப்போது லயத்துக்குப் பின்னால் நிற்கும் மரம். அவர் வைத்தது. "மொட்டையன் காய்ச்சிருக்கான்", "மொட்டையன் விழுந்துட்டான்" என்பார், என்னிடம் மட்டும். சு. சின்ன வயதில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். விட்டுவிட்டாள். கடையில் கேட்கும்போது நான் சிங்களத்தில் அலிபேர என்பேன்.

"அலினாலும் அதே மிருகந்தானே அம்மாயி?"

"அது வேற பாஷை. வேற பாஷையில சொன்னா அவுக பேரு ஆகாது."

"நல்ல சட்டம்" என்றாள் த.

ஜூன் 15, ஞாயிறு

மாவு இல்லை. ரொட்டிக்குப் பதில் கிழங்கு. அவர் பாதி சாப்பிட்டார்.

த. நேற்றைய விஷயத்தை விடவில்லை. அவளுடைய விஞ்ஞான டீச்சரிடம் போனில் கேட்டிருக்கிறாள். வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னாள். மறக்காமல் இருக்க எழுதுகிறேன்.

இப்போது இங்கிலீஷில் அவகாடோ என்கிற அந்தப் பழம் நம் நாட்டுப் பழமே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோ என்கிற தேசம். அங்கே இருந்த ஆட்கள் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். ஸ்பானியர்கள் அதைத் தங்கள் வாய்க்கு வந்தபடி மாற்றினார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய இங்கிலீஷ்காரர்கள் அதை அலிகேட்டர் பேர், அதாவது முதலைப் பேரிக்காய், ஆக்கினார்கள். அவர்கள் கண்ட பழத்தின் தோலும் முதலைத் தோல் மாதிரி சொரசொரப்பாம், அதனால் பொருத்தமாகவும் போயிற்று. அந்த இங்கிலீஷ் பேர் கப்பலில் இங்கே வந்து, சிங்களத்தில் அலிகெட்டபேர ஆனது. சிங்களத்தில் பேர என்றால் கொய்யா. அலி என்றால் அந்த மிருகம். அதைப் பார்த்து நம் ஆட்கள் ஆ. கொய்யா என்று தமிழில் சொல்லியிருப்பார்கள் என்று டீச்சர் நினைக்கிறாராம்.

"அப்ப அதுல ஆ.வே இல்ல அம்மாயி. தொடக்கத்துலருந்து முதலைதான்."

"அந்தத் தேசத்து ஆளுங்க வச்ச பேருக்கு என்னா அர்த்தம்?"

சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது. உள்ளேயிருந்து சு. கேட்டாள், த. போய் அவள் காதில் சொன்னாள், சு. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, அது ஆம்பளைங்க சமாச்சாரம். சோடியாத் தொங்குறதால வச்சாங்களாம்."

சீ. நான் வைத்த பேர் எவ்வளவோ மரியாதை.

அவர் அங்கேயே நாற்காலியில் இருந்தார். பழைய ஆளாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பார். எங்கள் மூன்று பேர் சிரிப்பையும் பார்த்தார். வேறு வீட்டில் நடப்பதைப் பார்ப்பதுபோல.

பிறகு த. விஷயத்துக்கு வந்தாள். இதற்காகத்தான் இவ்வளவும். "அதுல தாத்தா பேரே இல்லன்னு ஆச்சு. இனி நீங்க தாராளமா சொல்லலாம். மொதல்ல பழத்தோட பேரச் சொல்லிப் பழகுங்க. அப்புறம் தாத்தா பேரு தன்னால வரும்."

கெட்டிக்காரி. என் பேத்தி. வக்கீலுக்குப் படிக்கவைக்க வேண்டும்.

ஆனால் எனக்கு மனம் சரியில்லை. முதலைக்குப் போய் இத்தனை வருஷம் மரியாதை கொடுத்திருக்கிறேன். இல்லாத மிருகத்துக்காக வாயைக் கட்டியிருக்கிறேன். ஒருவேளை மற்றதும் அப்படித்தானா? றொசல்லை மரம், ஆயுசு, எல்லாம்? அப்படியானால் நான் இவ்வளவு காலம் காப்பாற்றியது எதை?

ஜூன் 16, திங்கள்

மூடுபனி. ஈரவிறகு. தலைவலி.

பீலியில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் சத்தத்தில் எனக்கே கேட்காது என்று தைரியம். ஆ வரை வந்தது. அதற்கு மேல் நாக்கு எழவில்லை. மறுபடி ஆ. மறுபடி ஆ.

"என்னாக்கா, பல்லு வலியா?" ராக்கம்மா, குடத்தோடு.

"ஆமா."

"கிராம்பு வச்சுக் கடி."

கிராம்பு கொண்டுவந்தும் கொடுத்தாள். வைத்துக் கடித்தேன். வேறென்ன செய்ய.

மாலையில் த.வோடு சண்டை. வியாழக்கிழமை மிஸ் கேட்டால் என்ன சொல்வது, கூப்பிட்டோம் என்று பொய் சொல்வதா என்றாள். பார்க்கலாம் என்றேன்.

"என்னாத்தப் பார்க்க? ஒவ்வொரு நாளும் போவுது. ஒங்க வீம்பு பெருசா, தாத்தா பெருசா?"

சு. அவளை அதட்டினாள். ஆனால் சொன்னது தப்பு என்று சு.வும் சொல்லவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதே தப்பு என்றுதான் சொன்னாள்.

வீம்பு. இருக்கட்டும். எனக்குத் தங்கம் கிடையாது, வீடு கம்பெனியுடையது, படிப்பு அஞ்சு. கைக்காசுக்கு வழி இல்லாத நாளிலும் நான் அவருக்கு என்று ஒழுங்காகச் செய்தது இது ஒன்று. அதை விட்டால்தான் அவர் வருவார் என்கிறார்கள். விட்ட பிறகும் வராவிட்டால்? சொல்லி, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? யாரிடம் போய்க் கேட்பேன். த.விடமா, மிஸ்ஸிடமா.

அவருக்கு முகம் துடைக்கும்போது என் கையைத் தள்ளிவிட்டார். மெதுவாகத்தான். தெரியாத பெண் தொட்டால் தள்ளுவதுபோல.

ஜூன் 17, செவ்வாய்

த. பேசாமல் பள்ளிக்கூடம் போனாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள், அது போதும்.

பகல் முழுக்கக் காற்று. தகரம் படபடவென்று அடித்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கூரையில் டொம் என்று ஒன்று விழுந்து, உருண்டு, பின்பக்கம் போய்ப் புல்லில் விழுந்தது. மரத்திலிருந்து பழம்.

திரும்பினார்.

தலை மட்டும் இல்லை, உடம்போடு. கூரையைப் பார்த்தார். உருண்ட பக்கம் கண்ணைக் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். சுவரை இல்லை. என்னை. போய் எடு என்கிற பார்வை. நாய் கவ்விக்கொண்டு போவதற்குள் எடு என்று முன்பெல்லாம் விரட்டுவாரே, அந்தப் பார்வை.

அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. துடைத்து, கையில் கொடுத்தேன். இடது கையில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் காம்படியில் அழுத்திப் பார்த்தார், பழுத்ததா என்று. வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

வெட்டி, சீனி போட்டுப் பிசைந்து கொடுத்தேன். முழுதும் சாப்பிட்டார்.

ஊரே கூப்பிட்டும் பேருக்குத் திரும்பாத ஆள் பழத்துக்குத் திரும்பினார். த. வந்ததும் சொல்ல வேண்டும் என்று வாசலிலேயே நின்றேன். பேசுவதில்லை என்று இருந்தவள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். "நெசமாவா? ஒடம்போடயா திரும்புனாங்க?" மூன்று தடவை சொல்ல வைத்தாள்.

ஜூன் 18, புதன்

மழை.

மரத்தடியில் நல்லதாக ஒன்று தேடினேன். கிடந்ததெல்லாம் அடிபட்டது. ராக்கம்மாவின் புருஷன் ஏறிப் பறித்துக் கொடுத்தார். அவள் கீழே நின்று பேர் சொல்லி, அந்தக் கிளை இந்தக் கிளை என்று வழிகாட்டினாள். மனுஷன் விழவில்லை. கவனித்தேன்.

அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன், பழுக்க. நாளைக்குள் பழுக்காது. பரவாயில்லை.

சு. கேட்டாள், "நாளைக்குக் கூப்பிடப் போறியாம்மா?"

"பழத்தோட பேர மட்டும் சொல்லுவேன். அவுக பேர இல்ல. முதலையோட பேரு அது."

"சரிம்மா" என்றாள். சிரிக்கவில்லை. என் தலையில் கொஞ்சம் எண்ணெய் வைத்துவிட்டாள். எவ்வளவு நாளாயிற்று.

கொண்டுபோக: கொப்பி, அட்டை, சாரம், துவாய், போத்தல், பிஸ்கட். பழம்.

ஜூன் 19, வியாழன்

மழை விட்டுவிட்டு. வழியில் மண் சரிந்த இடம் ஒன்று. த்ரீவீல் நின்று நின்று போயிற்று. பிந்திப் போனோம், மிஸ் ஒன்றும் சொல்லவில்லை.

மேசையில் மிஸ் தன் சாமான்களை வைத்தாள். சாவி, சவர்க்காரம், கண்ணாடி, செருப்பு. ஒவ்வொன்றாகக் காட்டினாள், பேர் சொன்னாள், காத்திருந்தாள். அவர் சாவியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மிஸ் ஒரு தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே கோடு போட்டுக்கொண்டு வந்தாள். தலைகீழாக இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. எல்லாம் பிழை.

"வீட்டுல கூப்பிட்டீங்களா அம்மா? பேரு சொல்லி?"

த. என்னைப் பார்த்தாள். பொய் சொல்லவும் இல்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

"ஒரு சாமான் கொண்டாந்திருக்கேன் மிஸ்" என்றேன். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் நிமிர்ந்தார். மிஸ் அதைக் கவனித்தாள். நாற்காலியை அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "அம்மா சொல்லுங்க. முகம் பார்த்து" என்றாள்.

எதிரில் உட்கார்ந்தேன். பழத்தைத் தூக்கிப் பிடித்தேன். வெட்கமாக இருந்தது. முதலை, முதலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முதலை போய்விட்டது. அவர் பேர்தான் இருந்தது, வேறு எதுவும் இல்லை.

ஆனைக்கொய்யா என்றேன்.

ஆனை. சொல்லிவிட்டேன். இப்போது எழுதியும் விட்டேன்.

எதுவும் விழவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். த. என் தோளைப் பிடித்திருந்தாள், வலிக்கிற மாதிரி.

அவர் பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. கூர் போதாத கத்தியைப் பார்த்தால் சுருங்குமே, அப்படி. நான் பயந்துபோய் மறுபடியும் சொன்னேன். "ஆனைக்கொய்யா."

தலையை ஆட்டினார். இல்லை என்று. இடது கையை நீட்டிப் பழத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். வாயின் இடது பாதி மட்டும் திறந்தது. முதலில் காற்று. பிறகு ம் என்று ஒரு சத்தம். பிறகு,

"மொட்... டையன்."

மிஸ் முன்னால் குனிந்தாள். "இல்ல தாத்தா. ஆ-னைக்-கொய்-யா."

"மொட்டையன்." இந்தத் தடவை கோபத்தோடு. மிஸ்ஸைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து. உனக்கு என்ன வந்தது என்கிற மாதிரி.

த. அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, ஒரு சத்தம் வந்தது. மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேனாவைத் தாளின் மேல் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"பேச்சு வந்திருக்கு அம்மா. ஆனா அது வேற பேருதானே. நான் என்னனு போட? சரியா, பிழையா?"

"சரின்னு போடுங்க மிஸ். தப்பாச் சொன்னது நாந்தான்."